உங்க குதிரைக்கு என்ன ஆச்சு? சிங்கப்பூர் வெயில் மழையில வர்ற தொல்லைங்க, அறிகுறி வாரியா

சிங்கப்பூர்ல குதிரை வச்சிருக்கறவங்க பெரும்பாலும் குதிரையோட ஒரே இடத்துல இருக்கறதில்ல, நாம பிளாட்டுல, அது தூரத்துல ஏதோ ஒரு லாயத்துல, வேலை முடிஞ்சு ஓடிப்போய் நிக்கிற அந்த கொஞ்ச நேரத்துல தான் அது நம்ம கண்ணுல படுது. மீதி நேரம் பூரா அதோட இருக்கறது லாயத்துல பாத்துக்கற, சைஸ்னு சொல்ற குதிரைக்கார அண்ணன்மாருங்க. அதனால கீழ எந்த அறிகுறிக்கு போறதா இருந்தாலும் முதல் கேள்விய அவர்கிட்ட கேளுங்க. காலைல தீனிய முடிச்சுதா, வாளில தண்ணி எவ்ளோ குறைஞ்சுது, லத்தி வழக்கம்போல போட்டுச்சா, ராத்திரி படுத்து எழுந்துச்சா. "அண்ணே இன்னிக்கி எப்படி இருந்துச்சு"ன்னு பொதுவா கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னு தான் பதில் வரும், ஒண்ணொண்ணா கேட்டா தான் "ஆமா, தண்ணி பாதி வாளி அப்படியே இருந்துச்சு"ன்னு விஷயம் வெளிய வரும்.

முதல்ல, நல்லா இருக்கும்போதே அளந்து வைங்க

இத தாண்டி போயிடாதீங்க, மத்த எல்லாமே இதுல தான் நிக்குது. தெர்மாமீட்டர், சாதாரண ஸ்டெதாஸ்கோப், செகண்ட் முள்ளு இருக்கற வாட்ச், இவ்ளோ தான் வேணும். வளந்த குதிரை சும்மா நிக்கும்போது உடம்பு சூடு சுமார் 37.5ல இருந்து 38.5 டிகிரி, இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 28ல இருந்து 44, மூச்சு 8ல இருந்து 16. இது புத்தகக் கணக்கு. உங்க குதிரையோட கணக்கு உங்களுக்கு தனியா தெரிஞ்சிருக்கணும், ஏன்னா எப்பவும் 30ல துடிக்கிற குதிரைக்கு 44 வந்தா அது புத்தகப்படி சரி, ஆனா அந்த குதிரைக்கு சரி இல்ல. துடிப்ப இடது முன்னங்கால் முழங்கைக்கு பின்னால ஸ்டெதாஸ்கோப் வச்சு எண்ணுங்க, மூச்ச விலாவோட ஏத்த இறக்கத்த பாத்து எண்ணுங்க. சூடு பாக்க மலத்துவாரத்துல தெர்மாமீட்டர், நேர் பின்னால நிக்காம பக்கவாட்டுல ஒட்டி நில்லுங்க, தெர்மாமீட்டர கையவிட்டு விடாதீங்க.

அப்புறம் ஈறு. உதட்ட தூக்கி பாத்தா இளஞ்சிவப்பா ஈரமா இருக்கணும், விரலால அழுத்தி எடுத்தா வெளுத்த இடம் 2 செகண்டுக்குள்ள பழைய நிறத்துக்கு வந்துடணும். ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் எடுத்து போன்ல எழுதி வைங்க. அந்த ஒரு நோட் இருந்தா நடுராத்திரி வெட்கிட்ட, அதாவது கால்நடை டாக்டர்கிட்ட, பேசும்போது "என்னமோ மாதிரி இருக்கு டாக்டர்"னு சொல்ல வேண்டி வராது.

மூச்சு வாங்குது, ஆனா உடம்பு காஞ்சு கிடக்கு

நம்ம ஊருக்குன்னே எழுதி வச்ச மாதிரியான பிரச்சனை இது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். இங்க இருக்கற குதிரைங்கள்ல நெறைய ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல இருந்து வந்தது. வந்த புதுசுல வேர்த்து ஊத்தும், நாமளும் பரவால்ல பழகிடும்னு நினைப்போம், சில குதிரைக்கு நாள் போகப்போக வேர்வை குறைஞ்சுக்கிட்டே வந்து ஒரு கட்டத்துல நின்னே போயிடும். அன்ஹைட்ரோசிஸ்னு சொல்வாங்க. குதிரை தன் சூட்ட வெளியேத்துறதுக்கு பிரதான வழியே வேர்வை தான், அது நின்னா மூச்சு வழியா தள்ளப் பாக்கும், அதனால தான் வேலை முடிஞ்சு ரொம்ப நேரம் ஆகியும் மூக்கு விரிஞ்சு விலா படபடன்னு அடிச்சுக்கிட்டே நிக்கும். இங்கயே பொறந்து வளந்த குதிரைக்கும் வரலாம், அதனால "இது பழகின குதிரை"ன்னு விட்டுடக்கூடாது.

எங்க லாயத்துல நியூசிலாந்துல இருந்து வந்த செம்பழுப்பு கலர் ஜெல்டிங், அதாவது காயடிச்ச ஆண் குதிரை, ஒண்ணு உண்டு. அரீனால மத்த குதிரைங்க எல்லாம் சேணத்துக்கு அடியில நுரை தள்ளிக்கிட்டு நிக்கும்போது இதோட கழுத்த தொட்டா கரகரன்னு காஞ்சிருக்கும், பிடரிய தூக்கி அடியில கைய விட்டா மட்டும் ஒரு பட்டையா ஈரம், காதுக்கு கீழ கொஞ்சம், பின்னங்கால் இடுக்குல கொஞ்சம், அவ்ளோ தான். நெத்தியில முடி உதிர ஆரம்பிச்சிருந்துச்சு, தோல் செதில் செதிலா. தொட்டுப் பாக்காதவங்க கண்ணுக்கு அது சுத்தமா அழகா நிக்கிற குதிரை தான், அங்க தான் ஆபத்தே.

உங்க குதிரைக்கு சந்தேகம் இருந்தா இப்படி பாருங்க. ஒரே நேரத்துல ஒரே வேலை செஞ்ச இன்னொரு குதிரைய பக்கத்துல நிறுத்தி ரெண்டையும் தொட்டுப் பாருங்க. நிழல்ல நிறுத்தி அரை மணி நேரம் ஆகியும் மூச்சு அடங்கலன்னா, சூடு 39க்கு கீழ இறங்கலன்னா வெட் டாக்டர கூப்பிடுங்க, தோலுக்கு அடியில மருந்த ரொம்ப சின்ன அளவுல போட்டு அந்த இடம் வேர்க்குதான்னு பாக்குற டெஸ்ட் இருக்கு, அதுல தெளிவா தெரிஞ்சிடும்.

இதுக்குன்னு நிச்சயமா குணப்படுத்துற மருந்துன்னு ஒண்ணு கிடையாது, விக்கிற பவுடர் எல்லாத்தையும் வாங்கி காச கரைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பெரிய ஃபேன் வாங்கி லாயத்துல மாட்டுங்கன்னு தான் நான் சொல்வேன். முடிய ஒட்ட கிளிப் பண்ணிடுங்க. சவாரிய விடியக்காலைக்கு மாத்துங்க, ஆனா ஒண்ணு, சிங்கப்பூர்ல விடியக்காலைல சூடு 24, 25 தான் இருக்கும், ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல போயிடும், மத்தியானம் அது சுமார் 60க்கு இறங்கும் ஆனா சூடு 31ல இருந்து 33 வரைக்கும் ஏறிடும். ரெண்டையும் சேத்து சொல்ற அளவு தான் டபிள்யூபிஜிடி, அரசாங்கத்தோட மைஎன்வி ஆப்ல போட்டிருப்பாங்க, மனுஷங்களுக்கே 33 தொட்டா ஹை ஹீட் ஸ்ட்ரெஸ்ஸுன்னு சொல்றாங்க. அந்த நேரத்துல குதிரைய வேலை வாங்க வேண்டிய அவசியம் எதுவுமே இல்ல, கிளாஸுக்கு காசு கட்டியிருந்தாலும் சரி, நடத்திட்டு வந்து குளிப்பாட்டுங்க போதும்.

வேர்க்கிற குதிரைக்கு உப்பு. குதிரை வேர்வைல உப்பு நம்ம வேர்வைய விட ரொம்ப அதிகம். 500 கிலோ குதிரைக்கு சும்மா இருக்கற நாள்லயே 30 கிராம் சாதா சமையல் உப்பு, அதாவது ரெண்டு டேபிள்ஸ்பூன் அளவு தீனில கலக்கலாம், நல்லா வேர்க்கிற நாள்ல இன்னும் கூட. பக்கத்துல தண்ணி இல்லாம உப்பு மட்டும் குடுக்காதீங்க. எலக்ட்ரோலைட் தண்ணி வச்சா கூடவே வெறும் தண்ணி வாளி ஒண்ணும் இருக்கணும், சில குதிரை உப்புத்தண்ணிய தொடாது.

வேலை முடிஞ்சு சூடு 40 தாண்டிடுச்சு, தள்ளாடுது, கூப்பிட்டா கவனிக்கல, இதெல்லாம் இருந்தா காத்திருக்க நேரம் இல்ல. சேணத்த கழட்டு, நிழலுக்கு கொண்டு போ, ஓஸ் பைப்ப எடுத்து கழுத்து, நெஞ்சு, முதுகு, தொடைன்னு உடம்பு முழுக்க விடாம ஊத்து, இன்னொரு ஆள வெட்டுக்கு போன் பண்ணச் சொல்லு. "சூடான குதிரை மேல பச்சத்தண்ணி ஊத்துனா தசை பிடிச்சுக்கும்"னு பெரியவங்க சொல்றது லாயத்துக்கு லாயம் இன்னும் ஓடுது, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்கு முன்னாடி இதயே ஆராய்ச்சி பண்ணி ஐஸ் தண்ணி ஊத்துறது பாதுகாப்பு தான், வேகமா சூட்ட இறக்குதுன்னு காட்டிட்டாங்க. நம்ம ஊரு ஈரப்பதத்துல தண்ணி தானா ஆவியாகி குளிர வைக்கும்னு நம்பி நிக்க முடியாது, புதுத் தண்ணி தொடர்ந்து ஓடணும். குடிக்க கேட்டா குடுங்க.

வயித்த திரும்பித் திரும்பி பாக்குது, கால்ல தரைய பறிக்குது

கோலிக். குதிரை வச்சிருக்கற யாருக்கும் இந்த சொல்ல கேட்டாலே வயித்துல புளி கரைக்கும். குதிரையால வாந்தி எடுக்க முடியாது, உள்ள போனது ஒரே வழில தான் வெளிய வரணும், நடுவுல அடைச்சாலோ காத்து நிரம்பினாலோ குடல் முறுக்கிக்கிட்டாலோ வலி தாங்காது.

லேசா இருந்தா மேல் உதட்ட சுருட்டும், தீனிய மோந்துட்டு விட்டுடும், படுக்கும் எழுந்துக்கும், விலா பக்கம் திரும்பி பாக்கும். மோசமா இருந்தா வேர்த்து கொட்டும், தரைல விழுந்து உருளும். எப்படி இருந்தாலும் முதல் வேலை தீனி, ஹே (காஞ்ச புல்லு) எல்லாத்தையும் வெளிய எடுங்க. ரெண்டாவது துடிப்பு, சூடு, மூச்சு, ஈறு பாருங்க. மூணாவது காதையோ ஸ்டெதாஸ்கோப்பையோ விலா எலும்புக்கு பின்னால ரெண்டு பக்கமும் மேலயும் கீழயும் வச்சு கேளுங்க, நல்ல குதிரை வயித்துல கடகடன்னு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், சத்தமே இல்லாம இருந்தா நல்லது இல்ல. துடிப்பு 60க்கு மேல, ஈறு வெளுத்தோ கருஞ்சிவப்பாவோ இருக்கு, வலி விடவே இல்ல, இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் எமர்ஜென்சி. இது எதுவும் இல்ல, லேசான வலி தான்னாலும் வெட்டுக்கு போன் பண்ணி சொல்லிடுங்க, அவர் வரணுமா வேணாமான்னு அவர் முடிவு பண்ணட்டும்.

போன்ல என்ன சொல்லணும்னா, எப்போ ஆரம்பிச்சுது, துடிப்பு, சூடு, மூச்சு மூணோட நம்பர், ஈறு நிறம், கடைசியா லத்தி எப்போ போட்டுச்சு, எப்படி இருந்துச்சு, தீனியோ ஹேயோ சமீபத்துல மாறுச்சா. இந்த வரிசைல சொன்னா அவருக்கு காருல வரும்போதே பாதி தெரிஞ்சிடும்.

காத்திருக்கற நேரத்துல உருள பாத்தா மெதுவா நடத்தலாம், ஆனா மணிக்கணக்கா நடத்தி களைப்பாக்காதீங்க, அமைதியா படுத்திருந்தா படுத்திருக்கட்டும். வலி மருந்து கைல இருக்குன்னு நீங்களா போடாதீங்க, வலிய மறைச்சிடும், வெட் வந்து பாக்கும்போது உண்மை நெலம தெரியாம போயிடும். அப்புறம் நம்ம ஆளுங்க பாசத்துல பண்ற ஒண்ணு, ஓமத்தண்ணி, இஞ்சிச்சாறு, எண்ணெய் எதையாவது தலைய தூக்கி வாயில ஊத்துறது. தயவு செஞ்சு வேணாம். நுரையீரலுக்குள்ள போயிட்டா கோலிக்க விட பெரிய ஆபத்து. எண்ணெயோ தண்ணியோ போகணும்னா வெட் மூக்கு வழியா வயித்துக்கு டியூப் போட்டு அவர் தான் விடணும்.

ஏன் வந்துச்சுன்னு பின்னாடி தேடும்போது இங்க மூணு இடத்துல பாருங்க. ஒண்ணு தண்ணி, குதிரைக்கு நாளைக்கு 25ல இருந்து 50 லிட்டர் வரைக்கும் போகணும், ஆட்டோமேட்டிக் தொட்டி இருந்தா எவ்ளோ குடிச்சுதுன்னே தெரியாது, சந்தேகம் வந்தா கொஞ்ச நாள் வாளிக்கு மாத்துங்க. ரெண்டு மணல், பேடக்ல, அதாவது குதிரைய திறந்து விடுற வேலி போட்ட எடத்துல, தரையோட போட்ட ஹேய சாப்பிட்டு மணலும் சேந்து உள்ள போகும், லத்திய ரெண்டு மூணு எடுத்து தண்ணி நிரப்புன பிளாஸ்டிக் பையில கரைச்சு தொங்க விட்டா அடியில மணல் தங்கும், நீங்களே பாத்துக்கலாம். மூணு தீனி மாத்தம், இங்க ஹே எல்லாம் கப்பல்ல வர்றது, ஒரு லோடு முடிஞ்சு அடுத்தது வேற புல்லா இருக்கும், பழசும் புதுசும் கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல மாத்தணும்னு லாயத்துல முன்னாடியே சொல்லி வைங்க.

கொள்ளு பத்தி வீட்டுல பெரியவங்க கட்டாயம் கேப்பாங்க, "தேக்கா மார்க்கெட்ல கிடைக்குதே, குதிரைக்கு கொள்ளு தானே பலம்"னு. இந்தியால நல்லா ஊற வச்சு வேக வச்சு குடுக்கற வழக்கம் உண்டு தான், புரதம் நெறைய இருக்கு. பச்சையா குடுக்கக்கூடாது, திடீர்னு ஒரு கிண்ணம் வைக்கக்கூடாது, வாரத்துல ரெண்டு நாள் சவாரி பண்ற குதிரைக்கு நல்ல ஹே இருந்தா அது தேவையே படாதுங்கறது என் கருத்து.

நேத்து நல்லா இருந்துச்சு, இன்னிக்கி ஒரு கால ஊனவே மாட்டேங்குது

பாத்தவுடனே எலும்பு முறிஞ்சிடுச்சுன்னு பயந்துடுவோம். பல தடவ அது குளம்புக்குள்ள சீழ் கட்டினது. மழை விட்டு வெயில், வெயில் விட்டு மழைன்னு குளம்பு ஊறி காஞ்சு ஊறி காஞ்சு சுவரும் அடிப்பாகமும் சேர்ற வெள்ளைக்கோட்டுல விரிசல் விட்டு கிருமி உள்ள போயிடும், சுவருக்கும் உள் சதைக்கும் நடுவுல சீழுக்கு வெளிய வர வழி இல்லாம அழுத்தும்.

கணுக்காலுக்கு பின்பக்கம், ஃபெட்லாக் மூட்டுக்கு பின்னால ரெண்டு ஓரத்துலயும் விரல லேசா வைங்க, ரொம்ப அழுத்தினா ரத்தக்குழாய் மூடிக்கும் ஒண்ணும் தெரியாது. நல்ல கால்ல துடிப்பு கிடைக்கறதே கஷ்டம், தேடித் தேடி தான் லேசா தட்டுப்படும். சீழ் இருக்கற கால்ல வச்சவுடனே டக் டக்னு விரல தள்ளும். குளம்ப உள்ளங்கையால தொட்டு மத்த மூணோட ஒப்பிட்டு பாருங்க, சூடா இருக்கும். இந்த துடிப்ப குதிரை நல்லா இருக்கும்போதே தேடி பழகிக்கங்க, குளம்பு எடுக்கற நேரத்துல தினமும் ஒரு தடவ விரல் வச்சா போதும்.

இது ரெண்டும் இருந்தா வெட்டையோ லாடக்காரரையோ கூப்பிடுங்க, சின்னதா ஒரு வழி திறந்து விட்டா கருப்பா நாத்தமா ஒரு சொட்டு வரும், அதுக்கப்புறம் குதிரை முகமே மாறிடும். அப்புறம் எப்சம் சால்ட் கலந்த வெதுவெதுப்பான தண்ணில ஊற வச்சு, பவுல்டிஸ் (மருந்துப் பத்து) வச்சு, மேல குழந்தைங்க டயப்பர் சுத்தி டக்ட் டேப் ஒட்டுங்க, ஃபேர்பிரைஸ்ல கிடைக்கிற பெரிய சைஸ் டயப்பர் குதிரைக் குளம்புக்கு சரியா உக்காரும். டெட்டனஸ் ஊசி தேதி எப்போன்னு பாத்து வெட்டுகிட்ட சொல்லுங்க. குளம்புல ஆணி குத்தி நிக்குதுன்னா மட்டும் பிடுங்காதீங்க, எவ்ளோ ஆழம், எந்த பக்கம்னு எக்ஸ்ரேல பாக்கணும், மேல ஊனாம இருக்க சுத்தி கட்டிட்டு வெட்டுக்காக காத்திருங்க.

குளம்புல ஒண்ணும் இல்ல, மேல கால் வீங்கி கோணலா இருக்கு, தொட விடல, அப்போ நகத்தாதீங்க.

ரெண்டு முன்னங்காலும் வலிக்குது, பின்னுக்கு சாஞ்சு நிக்குது

இத மேல சொன்னதோட குழப்பிக்காதீங்க. முன்னங்கால்கள முன்னாடி நீட்டி எடைய பின்னங்கால் மேல போட்டு நிக்குது, திரும்பச் சொன்னா முள்ளு மேல நடக்குற மாதிரி வைக்குது, ரெண்டு கால்லயும் அந்த துடிப்பு பலமா இருக்கு. லாமினைட்டிஸ். குளம்புக்குள்ள எலும்ப தாங்கிப் பிடிக்கிற திசு அழற்சி ஆகி விடுபட ஆரம்பிக்குது, முத்திப்போனா எலும்பே உள்ள சாஞ்சிடும். நடத்தாதீங்க, காலைல பாக்கலாம்னு விடாதீங்க. வெட் வர்ற வரைக்கும் பெட்ரோல் கடைல, செவன் இலெவன்ல கிடைக்கிற ஐஸ் மூட்டைய வாங்கி ரெண்டு குளம்பும் முழுகுற மாதிரி வாளில வைங்க, அடியில படுக்கை நல்லா தடியா போடுங்க.

காரணம் பெரும்பாலும் தீனி மூடிய திறந்து திருட்டுத்தனமா தின்னது, இல்ல மெல்ல மெல்ல ஏறின கொழுப்பு. எடைய டேப் வச்சே ஓரளவு கண்டுபிடிக்கலாம், முன்னங்காலுக்கு பின்னால நெஞ்சு சுத்தளவு செண்டிமீட்டர்ல எடுத்து அதயே அதால பெருக்கி, தோள் முனைல இருந்து பின்பக்க எலும்பு வரைக்கும் நீளத்தால பெருக்கி, 11,880 ஆல வகுத்தா கிலோ. சுத்தளவு 185, நீளம் 165னா சுமார் 475 கிலோ. அந்த குதிரைக்கு நாளைக்கு 7ல இருந்து 9.5 கிலோ ஹே. அதுக்கு மேல குடுக்கற தீனி வேலைக்கு தகுந்த மாதிரி தான். வர்றவங்க எல்லாம் ஆளுக்கொரு கேரட் பை, வெல்லக்கட்டி, பிரெட்டுன்னு குடுக்கறத நிறுத்த லாயக்கதவுல ஒரு போர்டு மாட்டுங்க, கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

குளம்ப தூக்குனா நாத்தம்

அடியில மெத்துன்னு முக்கோணமா இருக்கற ஃப்ராக் ஓரத்துல கருப்பா பிசுபிசுப்பு, கிட்ட போனாலே அழுகின வாடை. த்ரஷ். ஈரப் படுக்கை தான் வேர். தினமும் குளம்பு நோண்டி சுத்தம் பண்ணி, நல்லா காய வச்சு, வெட்டோ லாடக்காரரோ சொல்ற மருந்த போடுங்க, ஈரத்து மேல மருந்து போட்டு பிரயோஜனம் இல்ல. நடுப்பள்ளத்துல நோண்டும்போது வலியில கால இழுக்குதுன்னா ஆழமா போயிடுச்சு, ஆளக் காட்டுங்க. லாடக்காரர் 5, 6 வாரத்துக்கு ஒரு தடவ வரணும், செலவுன்னு தள்ளிப்போட வேணாம்.

பிடரி, வால் தேய்ச்சு முடி போச்சு, முதுகுல பொருக்கு

ரெண்டும் வேற வேற. பிடரியும் வால் அடியும் மட்டும் மரத்துலயும் கதவுலயும் தேய்ச்சு தேய்ச்சு புண்ணாக்கிக்கிட்டா அது குலிகாய்டிஸ்ங்கற பொடிப்பூச்சி கடிக்கு வர்ற அலர்ஜி. அது விடியலுக்கும் அந்திக்கும் தான் அதிகம் வரும், பறக்க பலம் இல்லாத பூச்சி, அதனால அந்த ரெண்டு நேரமும் குதிரைய உள்ள வச்சு ஃபேன் போட்டா பாதி வேலை முடிஞ்சுது, மெல்லிசான ஃப்ளை ரக், அதாவது பூச்சி அண்டாத போர்வை, மீதி. கீறல் போட்ட பிறகு களிம்பு தடவுறத விட கடிக்க விடாம பாக்கறது தான் பலன் தரும்.

முதுகு, புட்டம் மேல மழை பட்ட எடத்துல சின்னச் சின்னதா பொருக்கு, பிச்சு எடுத்தா முடிக்கொத்தோட பெயிண்ட் பிரஷ் நுனி கணக்கா வருதுன்னா மழைச்சிரங்கு, டெர்மடோபிலஸ்ங்கற பாக்டீரியா. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் வடகிழக்கு பருவமழைல லாயம் முழுக்க பாக்கலாம். குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போட்டு பத்து நிமிஷம் ஊற விட்டு அலசி, முக்கியமா நல்லா காய வைங்க. காஞ்ச பொருக்க பலவந்தமா பிய்க்காதீங்க, வலிக்கும், ஊறினா தானா வரும். பிரஷ், சேணத்துணி எல்லாம் அந்த குதிரைக்குன்னு தனியா இருக்கட்டும். வட்டமா முடி கொட்டுதுன்னா படர்தாமரையா இருக்கலாம், அது மனுஷங்களுக்கும் ஒட்டும், கையுறை போட்டு தொடுங்க, பிள்ளைங்கள கொஞ்ச நாள் தள்ளி வைங்க.

இருமல், மூக்கொழுகல், காய்ச்சல்

முதல்ல தெர்மாமீட்டர். சூடு சரியா இருக்கு, ஹே தின்னும்போதும் சவாரி ஆரம்பத்துலயும் மட்டும் இருமுதுன்னா தூசி. ஹேய தண்ணில ஊற வச்சு குடுங்க, இந்த சூட்டுல ஊறின ஹே சீக்கிரம் புளிச்சுடும், அதனால அப்பப்போ ஊற வச்சு உடனே போடணும், மிச்சத்த கொட்டிடணும். புகைமூட்ட நாள்ல வேலையே வேணாம், 2013 ஜூன் 21ல காத்து மாசு அளவான பிஎஸ்ஐ 401 வரைக்கும் போனது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நம்மள விட பல மடங்கு காத்த உள்ள இழுக்கற பிராணி அது.

சூடு 38.5க்கு மேல இருக்குன்னா தனியா கட்டுங்க, வாளி, பிரஷ் எதையும் மத்த குதிரைக்கு எடுத்துட்டு போகாதீங்க, வெட் டாக்டர கூப்பிடுங்க. தாடைக்கு அடியில கட்டி, மஞ்சளா சளி இருந்தா ஸ்ட்ராங்கிள்ஸ்ங்கற தொத்து நோயா இருக்கலாம், லாயம் முழுக்க பரவும். காய்ச்சலோட கண்ணுக்கு மேல இருக்கற குழி வீங்கி மேடாகுது, மூக்குல நுரை வருதுன்னா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காதீங்க. அது ஆப்பிரிக்கன் ஹார்ஸ் சிக்னஸ்ங்கற கொடிய நோயா இருக்கலாம், 2020ல தாய்லாந்துல வந்து நூத்துக்கணக்கான குதிரைங்கள கொன்னுச்சு, அதே வருஷம் மலேசியாலயும் தலைகாட்டுச்சு, நமக்கு பக்கத்து ஊரு. குதிரைல இருந்து குதிரைக்கு நேரா ஒட்டாது, மேல சொன்ன அதே பொடிப்பூச்சி தான் கொண்டு போகும். அரிப்புக்காக மாட்டுன ஃபேனும் ஃப்ளை ரக்கும் இதுக்கும் காவல்.

சீக்கிரமா சொல்லிட்டு போற மூணு, ஆனா மூணும் அவசரம்

கண்ண பாதி மூடி தண்ணி விடுதா, அன்னிக்கே வெட். பழைய டியூப்ல மிச்சம் இருக்குன்னு களிம்பு போடாதீங்க, அதுல ஸ்டீராய்டு இருந்து உள்ள புண்ணும் இருந்தா கண்ணே போயிடும்.

மூக்கு ரெண்டுலயும் தீனியும் எச்சியும் கலந்து ஒழுகுது, கழுத்த நீட்டி நீட்டி முழுங்கப் பாக்குதுன்னா உணவுக்குழாய்ல அடைப்பு. பாக்க பயங்கரமா இருக்கும், மூச்சு விட முடியும். தீனி தண்ணி ரெண்டையும் எடுத்துடுங்க, தலைய தாழ்த்தி வைங்க, ஓஸ் பைப்ப வாயில விடாதீங்க, வெட்.

ரெண்டு நாள் லீவுல முழுத் தீனி தின்னுட்டு நின்ன குதிரை சவாரி ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல பின்பக்கம் கல்லா இறுகி நின்னுடுச்சு, வேர்க்குது, சிறுநீர் காப்பி கலர்ல போகுதுன்னா தசை சிதையுது. இறங்குங்க, நின்ன எடத்துலயே விடுங்க, லாயத்துக்கு நடத்திட்டு போகலாம்னு இழுக்காதீங்க. வேலை இல்லாத நாள்ல தானியத்த குறைக்கறது தான் இதுக்கு முதல் தடுப்பு.

சேணம் போடப்போனா கடிக்க வருது

சிங்கப்பூர் கிராஞ்சி ரேஸ் மைதானத்துல கடைசி ரேஸ் 2024 அக்டோபர் 5ல முடிஞ்சுது. ரேஸ்ல ஓடிட்டு சவாரிக்கு வந்த குதிரைய வச்சிருக்கறவங்களுக்கு இத குறிப்பா சொல்லணும். வயித்து பெல்ட்ட இறுக்கும்போது காத பின்னாடி மடிச்சு பல்ல காட்டுனா "கெட்ட குணம்"னு முத்திரை குத்தி அடிக்கறவங்கள பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். வலிய சொல்ல அதுக்கு வேற வழி இல்ல.

முதல்ல சேணம். சவாரி முடிஞ்சு எடுத்ததும் முதுக பாருங்க, எல்லா எடமும் வேர்வையா இருந்து ஒரு உள்ளங்கை அளவு மட்டும் காஞ்சிருந்தா அங்க அழுத்துது. முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் விரலால மெதுவா அழுத்திட்டு போங்க, எங்க உடம்ப தாழ்த்துதுன்னு தெரியும். குதிரை இளைச்சா, பெருத்தா, தசை போட்டா அதே சேணம் பொருந்தாது.

சேணம் சரியா இருந்தா அல்சர். குதிரை வயிறு சின்னது, தின்னாலும் தின்னாட்டியும் 24 மணி நேரமும் அமிலம் சுரந்துக்கிட்டே இருக்கும், வெறும் வயித்துல ஓட வச்சா அந்த அமிலம் மேல் பாகத்துல தெறிச்சு புண்ணாக்கும், அந்த பாகத்துக்கு பாதுகாப்பு சவ்வு கிடையாது. ரேஸ் குதிரைங்கள்ல இது ரொம்ப சகஜம். தானியத்த பாதில விடுறது, முடி பொலிவு இல்லாம போறது, அடிக்கடி லேசா கோலிக் வர்றது எல்லாம் சேந்து இருந்தா சந்தேகப்படுங்க. கேமரா விட்டு பாத்தா தான் உறுதி, அமிலத்த குறைக்கிற ஒமெப்ரசோல் மருந்து எவ்ளோ நாள்னு வெட் சொல்வார்.

அதோட ராத்திரி ஹே எத்தன மணிக்கு தீருதுன்னு சைஸ் அண்ணன்கிட்ட கேளுங்க. பத்து மணிக்கே தீந்துட்டா விடியக்காலை வரைக்கும் வெறும் வயிறு தான், சின்ன ஓட்டை வலைல போட்டு தொங்க விட்டா அதே ஹே பல மணி நேரம் வரும். சேணம் போடறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி ரெண்டு கைப்பிடி ஹே குடுங்க, சும்மா ஓட்டுற நாளா இருந்தாலும் குடுங்க, அது மென்னுக்கிட்டு இருக்கும்போதே நீங்க பிரஷ் போட்டு முடிச்சிடலாம்.